பதினொரு மாதம்

ஆலங்குடியில் நான் பெண்களுக்கு ஹாக்கி பயிற்சி கொடுத்துவந்த மைதானத்தில், கோல் கம்பத்துக்குப் பின்னால் எப்போதும் ஒருவர் நிற்பார். எங்கள் சென்டர் ஃபார்வர்டின் அப்பா. தேங்காய் மண்டியில் மட்டை உரிப்பவர். வேலை முடிந்ததும் மகளை சைக்கிளில் உட்காரவைத்து நாலரை மணிக்கெல்லாம் வந்துவிடுவார். நாரிலேயே புழங்கிய விரல்கள் நகக்கண் வரை பழுப்பேறியிருக்கும். வெளியே வரும் பந்தை எடுத்து, வேட்டியில் மண்ணைத் துடைத்து, உள்ளே உருட்டிவிடுவார். ஒருநாளும் எறிந்ததில்லை.

“என்ன மாமா, மகளுக்கு எடுபிடி வேலையா?” என்று வேலியோரம் நிற்பவர்கள் சீண்டுவார்கள்.

“அவ அடிக்கிற அடிக்கு ஒன்னய இங்க நிறுத்துனா அங்கிட்டு ஓடிருவ. அதான் நானே நிக்கிறேன்” என்பார்.

அந்தப் பெண் எங்கள் அணியில் வேகமானவள் அல்ல. ஆனால் பந்து வருவதற்கு முன்பே தலையை நிமிர்த்தி, அதை யாருக்குத் தரவேண்டும் என்று பார்த்துவைத்துவிடுவாள். அதை என்னால் யாருக்கும் கற்றுக்கொடுக்க முடிந்ததில்லை. அவள் விளையாட்டு விடுதிக்குத் தேர்வாக வேண்டும் என்பது அப்பாவின் ஆசை, என் ஆசையும்கூட. அங்கே தங்கிப் படிக்கலாம். தினமும் நல்ல தரையில் ஆடலாம். பதினான்கு வயதுக்குள் இருக்க வேண்டும். அவளுக்கு அதுவே கடைசி வருடம்.

எனக்கு நாள்தவறாமல் டைரி எழுதும் பழக்கம். யார் பயிற்சிக்கு வரவில்லை, யாருக்கு முழங்காலில் அடி, எல்லாம் அதில் இருக்கும். அந்த ஜூன் மாதம் விண்ணப்பங்களைச் சரிபார்த்தபோது, அவளுடைய பிறப்புச் சான்றிதழும் பள்ளிப் பதிவும் பதினொரு மாதம் வேறுபட்டன. பள்ளிக் கணக்கில் அவள் மூத்தவள். ‘அப்பாவிடம் சொல்ல வேண்டும். பதிவைத் திருத்த மூன்று நான்கு மாதம் ஆகும்’ என்று எழுதி அடிக்கோடிட்டேன். மறுநாள் வட்டாரப் போட்டி வந்தது. எழுதிவிட்டதாலேயே அது முடிந்துபோன வேலையாகிவிட்டது எனக்கு.

பிப்ரவரியில் புதுக்கோட்டையில் தேர்வு. மூன்று கோல் போட்டாள். தேர்வாளர் அவள் பெயரைத்தான் முதலில் குறித்தார். பிறகு சான்றிதழ்களைப் புரட்டினார். இரண்டும் வேறுபட்டால் பள்ளிப் பதிவே செல்லும் என்பது விதி. அதன்படி அவளுக்குப் பதினான்கு தாண்டியிருந்தது.

அப்பா மேசைக்கு முன்னால் வந்து நின்றார். “நான்தாங்க கூட்டிச் சொன்னேன். இவ ஆத்தா முந்திரி ஒடைக்கப் போயிரும், வீட்டுல பாக்க ஆளில்ல. அஞ்சு முடிஞ்சாத்தான் பள்ளிக்கொடத்துல சேப்போம்னாங்க. முடிஞ்சிருச்சுன்னுட்டேன். புள்ள மேல தப்பில்லைங்க.”

“திருத்திக் கொண்டாந்திருந்தா எடுத்திருப்பேனே. முன்னாடியே யாரும் பாக்கலையா?” என்றார் தேர்வாளர். அவர் குரலில் உண்மையான வருத்தம் இருந்தது.

“எனக்கு அதெல்லாம் தெரியாதுங்க.”

நான் அவருக்கு இரண்டடி தள்ளி நின்றிருந்தேன். வாய் திறக்கவில்லை. அவள் கீழே உட்கார்ந்து காலுறைகளைக் கழற்றி, வழக்கம்போல ஜோடியாகச் சுருட்டிப் பைக்குள் வைத்தாள். திரும்பும் பஸ்ஸில் இடம் காலியாக இருந்தும் அப்பா ஆலங்குடி வரை நின்றுகொண்டே வந்தார்.

பத்தாம் வகுப்போடு அவள் ஆடுவதை விட்டாள். பிறகு அறந்தாங்கியில் கல்யாணம். அப்பாவை எப்போதாவது கடைத்தெருவில் பார்ப்பேன். என்னைக் கண்டதும் தோளில் கிடக்கும் துண்டை இறக்கிக் கையில் பிடித்துக்கொள்வார், தப்பு செய்தவரைப் போல. ஒவ்வொரு முறையும் சொல்லிவிட நினைத்தேன். இப்போது அந்த மைதானத்தில் கோலுக்குப் பின்னால் வலை கட்டியிருக்கிறோம். பந்து பொறுக்க யாரும் தேவையில்லை.

போன மாதம் அவர் இறந்துபோனார். துக்கம் கேட்கப் போயிருந்தேன். மகள் வாசலுக்கு வந்தாள்.

“சாகுற வரைக்கும் அதே பேச்சுதான் சார். நான் பொய் சொல்லி புள்ளையக் கெடுத்துட்டேன், புள்ளையக் கெடுத்துட்டேன்னு.”

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. “எட்டு மாசம் முன்னாடியே எனக்குத் தெரியும்மா. திருத்த நேரம் இருந்துச்சு. எழுதி வச்சேன், சொல்ல மறந்துட்டேன்” என்றேன்.

அவள் கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தேன். 

“எங்கிட்ட சொல்லி என்ன சார் ஆகப்போவுது? அவர்கிட்ட சொல்லியிருக்கலாமே” என்றாள்.