அண்ணன் பேரில் ஒரு சவாரி

பொய்யை நாகம்மாள் மோந்து பார்த்தே கண்டுபிடித்துவிட்டாள்.

"குதிரைக்குப் போய்ட்டு வந்தியா, ஆனந்தா?" என்று கேட்டாள். வேலையிலிருந்து வந்து செருப்பைக்கூடக் கழற்றாத மகன், தினமும் சொல்வதுபோல, போய்ட்டு வந்தேன் என்றான். கிழவி அவன் சட்டையைப் பிடித்து இழுத்து மூக்கருகே கொண்டுபோனாள். அட்டைப்பெட்டித் தூசியும் கிரீஸும்தான் அடித்தன. "குதிர வாசனையே இல்லியே. பாய் உன்ன தொரத்திட்டாரா?" என்றாள். அதோடு தட்டைத் தள்ளி வைத்துவிட்டாள். மறுநாளும் சாப்பிடவில்லை.

வந்து நின்றவன் ஆனந்தன் இல்லை. அவன் தம்பி கோவிந்தராஜ். நாற்பத்தைந்து வயது, முன்வழுக்கை, செம்பரம்பாக்கம் பக்கத்தில் ஒரு குடோனில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிற வேலை. ஆனந்தன் செத்து இருபத்தாறு வருஷம் ஆகிறது.

நாகம்மாளுக்கு மறதி நோய் வந்தபோது முதலில் அடுப்பை அணைக்க மறந்தாள். பிறகு, கொஞ்சமும் ஈவு இரக்கம் இல்லாமல், அந்த நோய் அவளுடைய மூத்த மகன் செத்த சேதியை எடுத்துக்கொண்டுபோய்விட்டது. ஆனந்தன் எங்கே என்று கேட்டாள். உண்மையைச் சொன்னார்கள். அந்த நிமிஷம்தான் சேதி வந்ததுபோல மாரில் அடித்துக்கொண்டு அழுதாள். மறுநாள் காலையில் மறுபடி கேட்டாள், மறுபடி சொன்னார்கள், மறுபடி அழுதாள். பெற்றவள் ஒரு பிள்ளையின் சாவை எத்தனை தடவைதான் கேட்பாள்? கோவிந்தராஜின் மனைவி மைதிலிதான், போதும், இனி யாரும் வாயைத் திறக்கக் கூடாது என்று சொல்லி, மாலை போட்ட படத்தை எடுத்து பீரோவுக்குள் வைத்தாள்.

அதற்கப்புறம் கிழவி கோவிந்தராஜையே ஆனந்தன் என்று கூப்பிட ஆரம்பித்தாள். ஜாடை அப்படி. அவனும் என்னம்மா என்று குரல் கொடுத்தான். கோயிந்து எங்கே என்று மட்டும் அவள் ஒரு நாளும் கேட்கவில்லை. செத்தவனைத் தேடுகிறாள், உயிரோடு இருக்கிற என்னைத் தேடவில்லையே என்று அவனுக்கு வயிறு எரிந்தது. எரிந்தாலும், அதற்குத் தான் தகுதியானவன்தான் என்றும் நினைத்துக்கொண்டான்.

ஏனென்றால் அன்றைக்குப் போக வேண்டியவன் அவன்.

அண்ணன் தம்பி இரண்டு பேரும் அப்போது பூந்தமல்லியில் சுலைமான் பாயிடம் இருந்தார்கள். கல்யாண ஊர்வலத்துக்குக் குதிரையும் சாரட்டும் வாடகைக்கு விடுகிறவர் அவர். முத்தாபுதுப்பேட்டையிலிருந்து விடியற்காலையில் சைக்கிளில் போய், குதிரைகளைத் தேய்த்து, ஏரிக்கரையில் ஓட்டிப் பழக்கி, மண்டபத்துக்குக் கொண்டுபோவது இவர்கள் வேலை. ஆனந்தன் நன்றாக ஓட்டுவான். கோவிந்தராஜ் அவனைவிட நன்றாக ஓட்டுவான். இதை ஆனந்தனே ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிவான். ஒரு ஆவணி மாதம், ஆவடி மண்டபத்துக்குக் குதிரையைக் கொண்டுபோகிற முறை தம்பியுடையது. தம்பி தூங்கிவிட்டான். அண்ணன் போனான். வழியில் லாரிக்காரன் ஹாரன் அடித்தான், குதிரை மிரண்டு எகிறியது, ஆனந்தனின் தலை சாலையோரக் கல்வெர்ட்டுச் சுவரில் மோதியது. இருபத்து மூன்று வயது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் நாகம்மாள் சின்ன மகனைக் கூப்பிட்டு, கற்பூரத்தை ஏற்றி, அதன் மேல் கையடித்துச் சத்தியம் செய்யச் சொன்னாள்: இனிக் குதிரை மேல் ஏற மாட்டேன். அவனும் அடித்தான். அதற்குப் பிறகு ஒரு வருஷம் அவள் அவனுக்குச் சாப்பாடு போட்டதைத் தவிர, அவனிடம் ஒரு வார்த்தை பேசவில்லை, முகத்தைப் பார்க்கவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை. தூங்கின பாவி என்று ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லியிருந்தால் அவன் அழுது தீர்த்திருப்பான். அவள் சொல்லவே இல்லை. ஆகவே அவனே தனக்குச் சொல்லிக்கொண்டான், இருபத்தாறு வருஷமாக, அலாரம் வைத்த ஒவ்வொரு விடியலிலும்.

இப்போது அம்மா இரண்டு நாளாகப் பட்டினி. கோவிந்தராஜ் வண்டியை எடுத்துக்கொண்டு பூந்தமல்லிக்குப் போனான்.

சுலைமான் பாய்க்கு எழுபதைத் தாண்டிவிட்டது. விஷயத்தைக் கேட்டுவிட்டுக் கொட்டகைக்குள் கூட்டிப்போனார். பேகம் என்ற வெள்ளைப் பெட்டைக் குதிரை நின்றது. கோவிந்தராஜ் அதன் கழுத்தில் சட்டையைத் தேய்த்துக்கொண்டான். அவ்வளவுதான் அவன் வந்த வேலை. தேய்த்த இடத்திலேயே முகத்தை வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றுவிட்டான்.

அன்று நாகம்மாள் சட்டையை மோந்து பார்த்து, சிரித்து, இரண்டு கரண்டி சோறு அதிகமாகக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.

நான்கு நாள் சட்டையைத் தேய்த்து ஒப்பேற்றினான். ஐந்தாம் நாள் பாய், "ஏறு, நைனா. எவ்ளோ நாளைக்கி சட்டைய மட்டும் அனுப்புவ?" என்றார். சத்தியம் பண்ணியிருக்கிறேன் என்றான் இவன். வாங்கினவளுக்கே அது நினைவில்லையே என்று பாய் கேட்டார்.

ஏறினான். ஏறும்போதே தொடை பிடித்துக்கொண்டது. இடுப்பு, முதுகு எல்லாம் ஃபோர்க்லிஃப்ட் சீட்டுக்குப் பழகிய உடம்பு. குதிரை நடந்த நடைக்கு இவன் மூட்டை மாதிரி குலுங்கினான். வெட்கமாக இருந்தது. ஏரிப் பக்கம் மனை போட்டுக் கல் நட்டுவைத்திருந்த வெற்று நிலத்தில் நாலு சுற்றுப் போனான். ஐந்தாவது சுற்றில் முழங்கால் தானாகவே இறுகியது, கை கடிவாளத்தைத் தளர்த்தியது, பேகம் ஓட்டம் பிடித்தது. காற்று காதில் மோதியபோது கோவிந்தராஜுக்கு அப்படி ஒரு சந்தோஷம் வந்தது. அடுத்த நொடியே அந்தச் சந்தோஷத்துக்காகத் தன்னையே அறைந்துகொள்ள வேண்டும்போல இருந்தது. அண்ணன் செத்த வேலை இது, இதில் எனக்கென்ன சிரிப்பு?

ஆனாலும் தினமும் ஷிப்ட் முடிந்து போனான். காலை அகட்டி அகட்டி நடந்து வருகிறவனைப் பார்த்து மைதிலி சிரித்தாள். தைலம் தேய்த்துவிடும்போது, அவன் ராத்திரியில் இப்போது நன்றாகத் தூங்குவதாகச் சொன்னாள். அவனுக்கும் அது தெரிந்துதான் இருந்தது.

ஒரு மாதம் கழித்து நாகம்மாள் வேறு ஒன்று கேட்டாள். நீ குதிரை ஓட்டி நான் பார்த்து எத்தனை நாளாகிறது, என்னைக் கூட்டிக்கொண்டு போ என்றாள். மைதிலி பயந்தாள். அங்கே குதிரையைப் பார்த்ததும் பழசெல்லாம் ஞாபகம் வந்துவிட்டால்? கோவிந்தராஜுக்கும் பயம்தான். ஆனால் உள்ளுக்குள் ஒரு பேராசையும் இருந்தது. நான் ஓட்டுவதைப் பார்த்தால், இது அண்ணன் கை இல்லை, கோயிந்து கை என்று அவளுக்குத் தெரிந்துவிடாதா? தெரிந்து, திட்டவாவது திட்டினால் போதும்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆட்டோவில் கூட்டிவந்தார்கள். பாய் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் புங்க மரத்தடியில் போட்டார். மைதிலி பக்கத்தில் நின்றாள். கோவிந்தராஜ் தனக்குத் தெரிந்த எல்லாவற்றையும் அன்றைக்குச் செய்து காட்டினான். நடையில் போனான், துள்ளலில் போனான், நாலு கால் பாய்ச்சலில் வந்து அம்மாவுக்குப் பத்தடி முன்னால் சட்டென்று நிறுத்தினான். மூச்சு வாங்க அவள் முகத்தைப் பார்த்தான்.

நாகம்மாள் கையைத் தூக்கி அவனைக் கிட்ட வரச்சொன்னாள். குதிரையை ஓட்டிக்கொண்டுவந்து குனிந்தான். அவள் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, யாரையோ எழுப்பிவிடக் கூடாது என்பதுபோல மெதுவாகப் பேசினாள்.

"கோயிந்துவ எழுப்பாத."

அவன் இன்னும் குனிந்தான்.

"ராவெல்லாம் இருமிகினே கெடந்தான்டா. அவன் எழுந்தான், நான்தான் நேரம் ஆவல, படுறான்னு போத்தி உட்டேன். இன்னிக்கி மட்டும் அவனுக்குப் பதிலா நீ போய்ட்டு வா, ஆனந்தா. அவன்கிட்ட சொல்லாத. அம்மா சொன்னா நீ கேப்ப இல்ல?"

அப்படியென்றால் ஆவணி மாதத்து அந்த விடியலில் அவன் எழுந்திருக்கிறான். படுத்துக்கொள்ளச் சொன்னது அவள். தூக்கக் கலக்கத்தில் அவனுக்கு அது மனதில் பதியவே இல்லை. ஒரு வருஷம் அவள் இவன் முகத்தைப் பார்க்காதது கோபத்தால் இல்லை. பெரியவனை அனுப்பிவைத்தது தான்தான் என்பதைச் சின்னவனிடம் சொல்ல முடியாமல், ஒரே கூரையின் கீழ் இருபத்தாறு வருஷம் ஒருத்தியாகச் சுமந்திருக்கிறாள். ஒரு வார்த்தை பேசியிருந்தால் இரண்டு பேரும் சேர்ந்தாவது அழுதிருக்கலாம்.

இறங்கி அவள் காலைக் கட்டிக்கொண்டு, அம்மா நான்தான் கோயிந்து, உன்மேல் தப்பில்லை என்று கத்த வேண்டும்போல இருந்தது. எந்தத் தப்பு என்று அவள் கேட்பாள். ஆனந்தன் செத்ததைச் சொல்ல வேண்டிவரும். அவள் மறுபடியும் மாரில் அடித்துக்கொண்டு அழுவாள்.

நாகம்மாள் இன்னும் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், பதிலுக்குக் காத்திருந்தாள்.

"கேக்கறேம்மா," என்றான் கோவிந்தராஜ். "அவன் தூங்கட்டும். நான் போய்ட்டு வரேன்."

"பாத்துப் போ," என்றாள்.

அவன் குதிரையைத் திருப்பினான். அழுவது அவளுக்குத் தெரியாத தூரம் வரை முதுகை நிமிர்த்தி வைத்துக்கொண்டு போனான்.