காளியின் பெயருக்குப் பின்னால் நின்ற எழுத்துகள்

செவ்வாய்க்கிழமை காலை திருவையாற்றிலிருந்து செல்வராணியின் கணவர் அழைத்தார். "ராணி போயிட்டா" என்றார். எங்கே என்று கேட்டேன். அப்படித்தான் கேட்டேன். காபி போட எழுந்தவர் அடுப்படியிலேயே சரிந்துவிட்டாராம். முந்தின நாள் மாலைதான் என்னோடு சிரித்துப் பேசினார்.

கும்பகோணம் கணினி மையத்தில் எங்களோடு வேலை பார்த்தவர்கள் அவரை அறிவீர்கள். கீழ்வேளூர்ப் பக்கம் அறுவடைக் கூலிக் குடும்பத்தில் பிறந்து, சி என்னும் கணினி மொழியில் புரோகிராம் எழுத வந்தவர். தொண்ணூறுகளில் அவரும் நானும் போயிருந்த அந்தப் பட்டா முகாம் உங்களில் பலருக்குத் தெரியாது.

மிராசுதார் ஒருவரிடமிருந்து அரசு எடுத்த திடலில் கூலிக் குடும்பங்களுக்கு மனை கொடுத்தார்கள். மனை பெறுபவர்களின் பெயர்களைத் திரையில் ஒரே இடத்தில் ஒன்றன்பின் ஒன்றாகக் காட்டும் புரோகிராம் செல்வராணி எழுதியது. முதலில் முனியப்பன் என்பவரின் பெயர் சரியாக வந்தது. அடுத்து காளி என்ற பெரியவரின் முறை. ஆங்கில எழுத்துகளில் 'காளியப்பன்' என்று வந்தது. காளியப்பன் மிராசுதாரின் கணக்குப்பிள்ளை. மனையை அமுக்கிவிட்டார்கள் என்று கூட்டம் எழுந்தது. வாசலில் கம்புகள் உயர்ந்தன. காளி மட்டும் எதிர் பெஞ்சை விட்டு எழவில்லை.

செல்வராணி திரையில் இருந்ததையெல்லாம் அழித்துவிட்டு, காளியின் பதிவை மட்டும் வரவழைத்தார். 'காளி' என்றே வந்தது. எழுத்து விழும் இடத்தைக் காட்டும் கர்சர் சரியான இடத்துக்குத்தான் போயிருக்கிறது. ஆனால் KALI என்ற நான்கு ஆங்கில எழுத்துகள் MUNIYAPPAN என்பதன் முதல் நான்கை மட்டுமே மறைத்திருந்தன. மிச்சமான YAPPAN அழியாமல் பின்னால் நின்றது. பெயரை எழுதுமுன் பழைய வரியை அழிக்க வேண்டும். அந்தக் கட்டளை விட்டுப்போயிருந்தது.

மெஷின் கோளாறு என்று சொல்லிவிடும்படி முகாம் அதிகாரி அவரிடம் மெதுவாகச் சொன்னார். செல்வராணி எழுந்து நின்றார். "யாரும் பேர மாத்தல. புரோகிராம் நான் எழுதினது. தப்பு என்னோடது, வந்து பாருங்க."

இவளும் அந்தக் கூலிக்காரங்க ஆளுதானே என்று கணக்குப்பிள்ளையின் பக்கமிருந்து ஒரு குரல் வந்தது. செல்வராணி திரும்பிப் பார்க்கவில்லை. விட்டுப்போன வரியைச் சேர்த்து, இரண்டு பெயர்களையும் மறுபடி வரிசையாகக் காட்டினார். பட்டாவைக் கையில் வாங்கிய காளி அவரிடமே நீட்டி, "எம் பேருதானம்மா?" என்று கேட்டார். செல்வராணி எழுத்தெழுத்தாக விரல் வைத்துப் படித்துக் காட்டினார்.

திரும்பும் பேருந்தில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். பழியை மெஷின் மேல் போட்டிருந்தால் சுலபமாக முடிந்திருக்குமே என்றேன்.

"முடிஞ்சிருக்கும். ஆனா அந்தப் பெரியவரு சந்தேகத்தோடயே அந்த மனையில குடியிருப்பாருங்க" என்றார்.

இன்றும் என் வேலையில் பிழை நேர்ந்தால், அதனால் பாதிக்கப்பட்டவரிடம் நானே போய்ச் சொல்லிவிடுகிறேன். செல்வராணியிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அதுதான். செவ்வாய்க்கிழமை வந்த செய்தியில் மட்டும் எங்கோ பிழை இருக்க வேண்டும் என்று மனம் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறது.