ஏரிக்கரையில் இடப்பக்க நாற்காலிகள்

என் தங்கையின் கல்யாணத்துக்காக நான் சொன்னது ஒரே ஒரு பொய்தான். ஐந்தரை மணிக்கு என்று நிச்சயித்திருந்ததை ஆறு மணிக்கு மாற்றச் சொல்லி மாப்பிள்ளையின் அம்மாவிடம் போனில் பேசினேன். ஐந்தரைக்கு வெயில் வீடியோ எடுப்பவரின் கண்ணில் அடிக்கும் என்று காரணம் சொன்னேன். உண்மைக் காரணம் வேறு. அது ஞாயிற்றுக்கிழமை, நாலரையிலிருந்து ஆறு வரை ராகு காலம். ஹூஸ்டனில் பத்து வருஷமாகக் கம்ப்யூட்டரோடு மாரடிக்கிறவள், ஒரு டெக்ஸஸ்காரியிடம் போய் ராகுவைப் பற்றிப் பேசுவதா? வெட்கமாக இருந்தது. அவரோ எதுவும் கேட்காமல், "ஆறு மணியே நல்லது ஹனி, கொஞ்சம் வெயிலும் தாழ்ந்திருக்கும்" என்று ஒத்துக்கொண்டார். என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டு போனை வைத்தேன்.

இது தொண்ணூறுகளின் பிற்பகுதியில் நடந்தது. தங்கை டாலஸில் படித்து, அங்கேயே வேலை பார்த்து, கூட வேலை பார்த்த பையனையே கட்டிக்கொள்வது என்று முடிவு செய்துவிட்டாள். பையன் கிழக்கு டெக்ஸஸ்காரன். பைன் காட்டுக்கு நடுவே, ஏரிக்கரையில் அவன் அப்பா அம்மாவின் வீடு. கல்யாணம் அந்த வீட்டுப் புல்வெளியில்தான் என்று ஆயிற்று. ஈரோட்டிலிருந்த எங்கள் அப்பா வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. விசா கிடைக்காது என்றார். விண்ணப்பமே போடாதவருக்கு விசா எப்படிக் கிடைக்கும்? அவர் வராமல் நான் மட்டும் எப்படி வருவது என்று அம்மா அழுதாள். அப்பா தங்கையோடு பேசி ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. எனக்கு வந்த ஆத்திரத்தில் நானும் அவரோடு சரியாகப் பேசவில்லை. அம்மாவோடு மட்டும்தான் பேச்சு.

தங்கை அழவில்லை. என்னிடம் ஒன்றுதான் கேட்டாள். இங்கே கல்யாணத்தில் நாற்காலிகளை இரண்டு பக்கமாகப் போடுவார்கள். இடப்பக்கம் பெண் வீட்டார், வலப்பக்கம் மாப்பிள்ளை வீட்டார். நடுவில் உள்ள பாதையில் எல்லோரும் பார்க்கப் பெண் நடந்து வர வேண்டும். வழக்கமாக அப்பா கைபிடித்துக் கூட்டி வருவார். "நான் தனியாவே நடந்து வந்துக்கறேன்க்கா, அது பரவால்ல. ஆனா நான் வரும்போது என் பக்கம் காலியா மட்டும் இருக்கக் கூடாது. அது ஒண்ணு மட்டும் பாத்துக்கோ" என்றாள்.

அதைக்கூடச் செய்ய முடியாவிட்டால் அக்கா என்று நான் எதற்கு? ஹூஸ்டனில் பொங்கலுக்கும் தீபாவளிக்கும் ஒன்றாகக் கூடுகிற எங்கள் கூட்டத்தில் ஒருவரையும் விடாமல் நேரில் போய் அழைத்தேன். நாற்பது பேர் வருவதாகச் சொன்னார்கள். ஐந்து வேன், ஆளுக்கொரு வழித்தாள், அதன் அடியில் சம்பந்தி வீட்டு போன் நம்பர் என்று எல்லாம் பக்காவாக ஏற்பாடு செய்தேன். நானும் என் கணவரும் முதல் நாளே அங்கே போய்விட்டோம்.

சம்பந்தியம்மாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்புக்குப் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவர். எந்தக் காற்றுக்கும் அசையாத தலைமுடி. எட்டுத் தெருவுக்குக் கேட்கிற குரல். சாப்பாட்டைப் பற்றிக் கேட்க மட்டும் எனக்கு மூன்று தடவை போன் செய்திருந்தார். சைவக்காரர்களுக்குப் பன்றி இறைச்சி போடாமல் பீன்ஸ் தனியாக வேகவைக்கிறேன், ஆனால் கரண்டியும் தனியாக இருக்க வேண்டுமா என்பது மூன்றாவது போன். நம் ஊரில் சாம்பாரில் உப்பு குறைந்ததற்கு முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்கிற சம்பந்திகளைத்தான் நான் பார்த்திருக்கிறேன். கரண்டிக்காகக் கவலைப்படுகிற சம்பந்தியை முதல் தடவையாக அங்கேதான் பார்த்தேன்.

அவர்கள் செய்திருந்த ஏற்பாட்டை ஒவ்வொன்றாகச் சுற்றிப் பார்த்தேன். வாடகைக்கு ஒரு ஆள் கிடையாது. எல்லாம் சொந்தக்காரர்களும் அக்கம்பக்கத்தாரும்தான். வீட்டிலிருந்து தண்ணீர் வரைக்கும் இறங்குகிற புல்வெளியில் வெள்ளை மர நாற்காலிகள். ஒவ்வொன்றின் மேலும் புழுக்கத்துக்கு ஒரு காகித விசிறி. ஏரிக்குள் நீண்டிருந்த மரப்பாலத்தின் நுனியில் பெரிய பெரிய மக்னோலியாப் பூக்களால் ஒரு வளைவு. மாப்பிள்ளையின் சித்தப்பாமார் மூன்று பேர் விடிவதற்கு முன்பே எழுந்து, வீட்டுக்குப் பின்னால் இரும்பு அடுப்பில் இறைச்சியைப் புகையில் வாட்டிக்கொண்டிருந்தார்கள். ஊறுகாய் ஜாடி மாதிரியான கண்ணாடிக் குடுவைகளில் ஐஸ் போட்ட தேநீர். அதில் போட்டிருந்த சர்க்கரையில் நாங்கள் ஒரு வாரம் காபி குடிக்கலாம். மரத்தடியில் வயலினும் பாஞ்சோவுமாக நாலு கிழவர்கள் வாசித்துக்கொண்டிருந்தார்கள்.

ஐந்து மணிக்கு வலப்பக்கம் நிறைய ஆரம்பித்தது. ஐந்தரைக்கு ஒரு நாற்காலி பாக்கியில்லை. இடப்பக்கத்தில் என் கணவர் மட்டும் நாற்பது விசிறிகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தார்.

ஐந்தே முக்காலுக்கு வீட்டுக்குள் போன் அடித்தது. யாரோ என்னைக் கூப்பிட்டார்கள். சமையலறைக்கு ஓடினேன். பேசியது எங்கள் கூட்டத்துக்குப் பெரியவரான அங்கிள். யார் வீட்டுக் கிரகப்பிரவேசமானாலும் பஞ்சாங்கம் பார்த்துச் சொல்பவர் அவர்தான்.

"கவலப்படாதம்மா, பக்கத்துலதான் இருக்கோம். பத்து மைல்கூட இல்ல. கேஸ் ஸ்டேஷன்ல எல்லாரும் புளியோதரை சாப்ட்டுட்டு இருக்கோம். ஏழு மணிக்கு மேல உள்ள வந்துடறோம்."

"ஏழா? அங்கிள், ஆறு மணிக்குக் கல்யாணம்! ராகு காலம் ஆறோட முடிஞ்சிடுதே!"

"அங்கதான் எல்லாரும் தப்புப் பண்றாங்க. இப்ப டேலைட் சேவிங் இல்லையா? கடிகாரத்த ஒரு மணி நேரம் தள்ளி வச்சிருக்கான். அப்போ ராகு காலம் அஞ்சரையிலேர்ந்து ஏழு. சூரியனுக்கு டேலைட் சேவிங் தெரியுமா?"

யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். நான் பூனை, எனக்குச் சறுக்கக் கேட்க வேண்டுமா? கெட்ட நேரத்திலிருந்து தப்பிக்க நான் பொய் சொல்லி மாற்றிய நேரம், அங்கிள் கணக்குப்படி ராகு காலத்தின் நட்ட நடுவில் போய் விழுந்திருந்தது.

"சூரியனுக்குத் தெரியாது அங்கிள், இங்க சேர் போட்டுட்டுக் காத்திருக்கறவங்களுக்குத் தெரியும்! உங்க ஆராய்ச்சியெல்லாம் இன்னைக்குத்தானா பண்ணணும்?" என்று கத்தினேன். அந்த வயதில் உள்ளவரிடம் நான் அப்படிப் பேசியதே இல்லை.

போனை அவர் மனைவி வாங்கினார். எனக்குப் பிரசவம் ஆனபோது பத்து நாள் பத்தியச் சாப்பாடு கொண்டுவந்து போட்ட ஆன்ட்டி அவர். "கோவிச்சுக்காதடா. நாங்கல்லாம் பேசித்தான் முடிவு பண்ணோம். பெத்தவங்க ஆசீர்வாதம் இல்லாம நடக்கற கல்யாணம். நாம உள்ள கால வைக்கற நேரமாவது நல்லதா இருக்கட்டும், அந்தக் கொழந்தைக்கு ஒண்ணும் ஆகக் கூடாதுன்னுதான். தாலி கட்டறதுக்குள்ள வந்துட மாட்டோமா?"

என் கோபமெல்லாம் வடிந்து அழுகை வந்துவிட்டது. நாற்பது பேர் அவள் நன்றாக இருக்க வேண்டும் என்பதற்காகவே பெட்ரோல் வாசனையில் உட்கார்ந்து புளியோதரை சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள். இவர்களை என்ன சொல்லித் திட்டுவது?

"ஆன்ட்டி, இவங்க கல்யாணம் இருபது நிமிஷத்துல முடிஞ்சிடும்."

"இருபது நிமிஷமா? அதுக்குள்ள என்ன பண்ண முடியும்?"

"அவ தனியா நடந்து வரப் போறா ஆன்ட்டி. அவ பக்கம் ஒரே ஒரு ஆளுதான் உக்காந்திருக்காரு. காலியா இருக்கக் கூடாதுன்னு அது ஒண்ணுதான் என்கிட்ட கேட்டா."

போனுக்கு அந்தப் பக்கம் ஆன்ட்டி போட்ட கூச்சல் கேட்டது. "டப்பாவையெல்லாம் மூடுங்க! வண்டிய எடுங்க!" நேரம் சரியில்லையே என்று அங்கிள் இழுப்பதும் கேட்டது. "அப்ப நீங்க இங்கயே ராகுவோட பேசிட்டு இருங்க. நாங்க போறோம்." போன் கட்டானது.

திரும்பினால் சம்பந்தியம்மா நின்றுகொண்டிருந்தார். தமிழில் நான் போட்ட கூச்சல் எட்டுத் தெருவுக்குக் கேட்டிருக்கும். இனி மறைத்துப் பயனில்லை. ராகு காலம், நான் சொன்ன பொய், அங்கிளின் டேலைட் சேவிங், எல்லாவற்றையும் அழுதுகொண்டே ஒப்பித்தேன். சிரிப்பார் என்றுதான் நினைத்தேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே காட்டினார். "அந்த மரப்பாலத்துக்குப் பக்கத்தில் மண் புதிதாகத் தெரிகிறதா? போன மாதம் என் வீட்டுக்காரர் அங்கே ஒரு விஸ்கி பாட்டிலைத் தலைகீழாகப் புதைத்தார். அப்படிச் செய்தால் கல்யாணத்தன்று மழை வராது. எங்கள் பக்கம் எல்லோரும் செய்வதுதான். நானா ஹனி உங்களைப் பார்த்துச் சிரிப்பேன்?"

அதற்குப் பிறகு அவர் வேலை செய்த வேகம் இருக்கிறதே! வயலின்காரரிடம் போய், நான் சொல்லும்வரை நிறுத்தக் கூடாது என்றார். பாதிரியாரைத் தேநீர்க் குடுவையோடு நிழலில் உட்காரவைத்தார். வேன்கள் வந்துசேராவிட்டால் என்ன செய்வது என்று யோசித்தோ என்னவோ, தன் பக்கத்து ஆட்களில் பாதிப் பேரை எழுப்பி இடப்பக்கத்தில் கொண்டுபோய் உட்காரவைத்தார். ஏன் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. பூட்ஸும் தொப்பியும் போட்ட ஆஜானுபாகுவான ஆட்கள், மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் போல வரிசையாக இடம் மாறினார்கள். "உன் தங்கை ஒரு காலி நாற்காலியைக்கூடப் பார்க்க மாட்டாள்" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனார். அந்த அம்மாளின் காலில் விழுந்திருந்தாலும் தப்பில்லை.

ஆறேகாலுக்கு ஐந்து வேன்களும் புழுதியைக் கிளப்பிக்கொண்டு வந்து நின்றன. பட்டுப்புடவைகள் இறங்கிச் சரிவில் ஓடிவந்தன. அந்தத் தொப்பிக்காரர்கள் ஒவ்வொருவராக எழுந்து, தொப்பியைக் கழற்றி, "மேடம்" என்று நாற்காலியைக் காட்டிவிட்டுப் பின்னால் போய் நின்றார்கள். கடைசி வேனிலிருந்து அங்கிளும் இறங்கினார். முகம் கடுகடுவென்று இருந்தது, ஆனாலும் வந்துவிட்டார். முதல் வரிசைக்கு ஆன்ட்டியை இழுத்துக்கொண்டு போனேன். அவர் பெண்ணைப் பெற்றவர்களுக்கென்று முதல் இரண்டு நாற்காலிகளை விட்டு மூன்றாவதில் உட்கார்ந்தார். அதைப் பார்த்து மற்றவர்களும் அந்த இரண்டில் உட்காரவில்லை.

ஆறு இருபதுக்கு என் தங்கை வந்தாள். சந்தன நிறப் பட்டில், கையில் பூங்கொத்தோடு, தனியாக. பாதை ஆரம்பிக்கிற இடத்தில் ஒரு கணம் நின்று இடப்பக்கம் பார்த்தாள். ஆன்ட்டிகள் எல்லோரும் ஒரே சமயத்தில் கைவிசிறியை ஆட்டிச் சிரித்தார்கள். இவளும் சிரித்துவிட்டாள். அதன் பிறகு அவள் யார் கையும் வேண்டாதவள் மாதிரிதான் நடந்தாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

பாதிரியார் முடித்ததும் மாப்பிள்ளை தாலியை எடுத்தான். எனக்குத் திக்கென்றது. மேளத்துக்கு நான் ஒரு ஏற்பாடும் செய்திருக்கவில்லை. அப்போது பின்வரிசையிலிருந்து ஒரு குரல், "கெட்டிமேளம்! கெட்டிமேளம்!" விரலை ஆட்டிக்கொண்டு அங்கிள் எழுந்து நின்றிருந்தார். ராகுவையெல்லாம் அவர் எப்போதோ மறந்துவிட்டார். வயலின் கிழவர் அவர் விரலைப் பார்த்தார், பாஞ்சோக்காரரைப் பார்த்தார், நாலு பேரும் சேர்ந்து பிய்த்து உதற ஆரம்பித்தார்கள். எந்த நாதஸ்வரக்காரருக்கும் குறைந்த வேகமில்லை அது.

ஏழரை மணிக்கு ஏரி செம்பு நிறமாக இருந்தது. புல்வெளியில் எல்லோரும் தட்டும் கையுமாக, ஆட்டமும் பாட்டுமாக இருந்தார்கள். ஊரில் அப்போது திங்கட்கிழமை காலை ஆறு மணி. முடிந்ததும் சொல்கிறேன் என்று அம்மாவிடம் சொல்லியிருந்ததால் சமையலறைக்குப் போய் ஈரோட்டுக்குப் போன் போட்டேன். முதல் மணியிலேயே எடுத்துவிட்டார்கள். எடுத்தது அம்மா இல்லை, அப்பா.

"கண்ணு, ஆச்சா?"

"ஆச்சு."

"பொண்ணு பக்கம் ஆளுக இருந்தாங்களா?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "இருந்தாங்க. நாப்பது பேர் இருந்தாங்க. நீங்க ரெண்டு பேருந்தான் இல்ல."

பின்னால் அம்மா எதையோ கேட்பதும் அப்பா அவளைப் பேசாமல் இருக்கச் சொல்வதும் கேட்டன. சொல்லியிருக்க வேண்டாமோ என்று நினைத்தேன்.

"அவகிட்டக் குடு கண்ணு" என்றார்.

ரிசீவரைச் சமையல் மேடையில் வைத்துவிட்டுத் தாழ்வாரத்துக்கு ஓடினேன். தங்கை தண்ணீருக்குப் பக்கத்தில் மாமனாரோடு ஆடிக்கொண்டிருந்தாள். "அப்பா லைன்ல இருக்காரு!" என்று தமிழில் கத்தினேன். மாமனார் கையைப் பாதி ஆட்டத்தில் உதறிவிட்டு, கொசுவத்தை இரண்டு கையாலும் அள்ளிப் பிடித்துக்கொண்டு, வெறுங்காலோடு அந்த மேட்டில் ஓடிவந்தாள். ரிசீவரை எடுத்தவளுக்கு மூச்சு வாங்கியது. ஒன்றரை வருஷத்துக்குப் பிறகு அப்பாவிடம் பேசுகிறாள். அவளுக்குக் கேட்பதற்கு எவ்வளவோ இருந்தது.

"அப்பா," என்றாள், "காப்பி குடிச்சாச்சாப்பா?"