கண்மாய் மனுவுடன் மயிலாப்பூருக்கு

சுதந்திரம் வந்து மூன்று மாதம் கழிந்த ஒரு கார்த்திகைக் காலையில், ஆறே கால் மணிக்கு, மானாமதுரையில் ஏறிய ரயில் என்னை எழும்பூரில் இறக்கிவிட்டது. முந்நூறு மைலுக்கு மேல் உட்கார்ந்தே வந்ததில் முழங்கால்கள் இரண்டும் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. மடியில் வைத்திருந்த துணிப்பையை மட்டும் விடவில்லை. அதற்குள் பதினோரு பக்கத்தில் ஒரு மனு இருந்தது. அறுபத்து நான்கு கையெழுத்து.

நான் எங்கள் கிராமத்துக் கிளைத் தபால் ஆபீசின் போஸ்ட்மாஸ்டர். கடிதம் கொண்டுபோய்க் கொடுக்கிறவனும் நானே, ஊருக்கு மனு எழுதுகிறவனும் நானே. என் மனுவுக்கு மசியாத அதிகாரி கிடையாது என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. அந்தப் பேச்சைக் கிளப்பிவிட்டவனும் அநேகமாக நானாகத்தான் இருக்கும்.

எங்கள் ஊர் ஜமீனுக்கு உட்பட்டது. ஜமீன்களை ஒழித்து, குடியானவன் பேரிலேயே பட்டா கொடுக்கும் சட்டம் சட்டசபையில் வந்திருக்கிறது. ஊரெல்லாம் சந்தோஷமாக இருந்த நேரத்தில் ஜமீன் மானேஜர் ஒரு காரியம் செய்துவிட்டார். எங்கள் கண்மாயின் தண்ணீர் நிற்கும் உள்வாய் தொண்ணூறு ஏக்கரையும் ஜமீன்தாரின் மைத்துனருக்குச் சொந்தமான பண்ணை நிலம் என்று முன்தேதி போட்டு எழுதிக் கொடுத்துவிட்டார். அந்தக் காகிதம் செல்லுபடியாகிவிட்டால் வயல் எங்களுக்கு, தண்ணீர் அவருக்கு. பட்டாவை வைத்து விசிறிக்கொண்டு உட்கார வேண்டியதுதான். சட்டத்தைப் பரிசீலிக்கும் கமிட்டி மனுக்களை வாங்கிக்கொள்ள இன்னும் பன்னிரண்டு நாள்தான் கெடு.

ஏழு மணிக்கு மின்சார ரயில். நாலு மைலுக்கு இரண்டணா டிக்கெட். கரியும் இல்லை, புகையும் இல்லை. எது இழுக்கிறது என்று தெரியாமலே மாம்பலம் வந்துவிட்டது. இறங்கிய பிறகும் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு நின்றேன். என் தங்கை புருஷன் சண்முகம் வந்து கையைப் பிடித்து அழைத்துப் போகும்படி ஆயிற்று. அவர் ஒரு கப்பல் கம்பெனியில் குமாஸ்தா.

தியாகராய நகரைப் பார்த்து நான் வாயைப் பிளந்தது உண்மை. கயிறு பிடித்துப் போட்டது மாதிரி தெருக்கள், இருபுறமும் மரங்கள், மதில் வைத்த வீடுகள். இத்தனையையும் மனிதர்கள் யோசித்துக் கட்டியிருக்கிறார்கள் என்பதே எனக்கு மலைப்பாக இருந்தது. "இதுக்கு முன்னாடி இங்க என்ன மாப்பிள்ளை இருந்துச்சு?" என்று கேட்டேன்.

"ஏரி" என்றார் சண்முகம். "நாம நடந்து போறதே ஏரிக்குள்ளதான் மச்சான். இருபத்தஞ்சு வருசத்துக்கு முந்தி கரையை வெட்டித் தண்ணியை வடிச்சு, மனை போட்டு வித்தாங்களாம். இப்பவும் மழை பிடிச்சா எங்க அடுப்பங்கரையில ஊத்துக் கிளம்பிரும்."

"அந்தத் தண்ணியில பயிர் வச்சவங்க?"

"அது யாருக்குத் தெரியும்?"

நான் குனிந்து தெருவைப் பார்த்தேன். கடல் மாதிரி கிடந்த ஓர் ஏரி, சட்டப்படி, பத்திரப்படி, ஒரு குறையும் இல்லாமல் காணாமல் போயிருக்கிறது. தொண்ணூறு ஏக்கர் எம்மாத்திரம்? தங்கை வைத்த ஆறு இட்லியில் நாலுதான் உள்ளே போயிற்று. நாளைக்கு அடையாறு போய் அங்குள்ள பெரிய ஆலமரத்தைப் பார்க்கலாம் என்று அவள் சொன்னதும் காதில் சரியாக ஏறவில்லை.

மனுவைக் கமிட்டியில் கொடுக்கும் முன் ஒரு வக்கீலிடம் காட்டிவிட, பத்து மணிக்கு மயிலாப்பூருக்கு ஜட்கா பிடித்தேன். மூன்று மைல், பத்தணா. வண்டிக்காரர் பேர் காசிம். ஐம்பது வயதிருக்கும், கழுத்தில் பச்சைக் கைக்குட்டை. "லஸ்ஸாண்டயே எறங்கிக்க நைனா" என்றார். "இன்னிக்கு மொகரம், கொளத்துப் பக்கம் வண்டி போவாது. உன்னைய வுட்டுட்டு, குதுரைக்குப் புல்லு வச்சிட்டு, நானும் அங்கதான் வரப் போறேன்."

"எந்தக் குளத்துக்கு?"

"கபாலி கோயில் கொளத்துக்குத்தான். வேற எந்தக் கொளம் கீது?"

விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்து விட்டுவிட்டேன்.

வக்கீல் வரதராஜன் வீடு தெற்கு மாட வீதியில் இருந்தது. கூடத்தில் சட்டப் புஸ்தகங்கள் கூரை வரை. அத்தனையும் படித்த மனிதர் என் எழுத்தைப் படிக்கப் போகிறார் என்று பெருமையோடு மனுவை நீட்டினேன். அவர் முதல் பக்கத்தைத் தாண்டவே இல்லை.

"'கண்மாய் கீழ்க்கண்ட அறுபத்து நான்கு குடியானவர்களுக்கே சொந்தம்'னு ஆரம்பிச்சிருக்கேள். பத்திரம் இருக்கோ?"

"இல்லைங்க. காலங்காலமா எங்களோடது."

"அவா கையில பத்திரம் இருக்கு. முன்தேதியோ பின்தேதியோ, அது ஒரு காகிதம். நீங்க சொந்தம்னு கேட்டேள்னா, காகிதம் வச்சிண்டிருக்கிறவன்தான் ஜெயிப்பான். தமிழ் ரொம்ப நன்னாருக்கு போஸ்ட்மாஸ்டர்வாள், ஆனா இந்த மனு நிக்காது." எனக்கு முகம் விழுந்துவிட்டதைக் கண்டு மோர் வரவழைத்தார். "இன்னிக்குக் கோர்ட்டு லீவு, வெளியில ஒரு ஜோலி இருக்கு, முடிச்சிண்டு சாயங்காலம் அஞ்சு மணிக்கு ஆத்துக்கு வந்துடுவேன். பத்திரத்தைத் தவிர உங்ககிட்ட என்ன இருக்குன்னு அதுக்குள்ள யோசிச்சு வையுங்கோ."

என்னிடம் என்ன இருக்கிறது? மாட வீதிகளை இரண்டு சுற்றுச் சுற்றினேன். ஒன்றரையணாவுக்குக் காபி குடித்தேன். ஒன்றும் தோன்றவில்லை.

மூன்று மணி சுமாருக்குக் கொட்டுச் சத்தம் கேட்டது. குளக்கரையில் கூட்டம். பஞ்சா என்று சொல்லும், கைவடிவத்தில் செய்த வெள்ளித் தகடு பொருத்திய கொடிகளைத் தூக்கிக்கொண்டு முஸ்லிம்கள் வரிசையாக வந்தார்கள். குளம் கோயில் குளம், எதிரே கோபுரம். யாராவது தடுப்பார்கள், ரகளையாகும் என்று நான் ஒதுங்கி நின்றேன். வடக்கே பஞ்சாபில் நடப்பதைப் பத்திரிகையில் படித்துப் படித்து மனம் அப்படிப் பழகியிருந்தது. ஆனால் கோயில் ஆள் ஒருவர் துடைப்பத்தோடு வந்து, படிகளில் பாசியைத் தள்ளிவிட்டு, "பாத்து எறங்குங்க, வழுக்குது" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர்கள் இறங்கினார்கள். கொடிகளைத் தண்ணீரில் நனைத்தார்கள். கோபுரத்தின் நிழலும் வெள்ளிக் கைகளும் ஒரே தண்ணீரில் ஆடின. வாழ்நாளில் இப்படி ஒன்றைப் பார்ப்பேன் என்று நான் நினைக்கவில்லை.

கூட்டத்தில் பச்சைக் கைக்குட்டை தெரிந்தது. ஈர வேட்டியோடு படியேறி வந்த காசிமை நிறுத்தினேன். "குளம் யாருடையது காசிம் பாய்?"

"கோயிலுதுதான். அதுல இன்னா டவுட்டு? நவாபு காலத்துல குட்த்த எடம்னு சொல்லுவாங்க. குட்த்தது குட்த்ததுதான்."

"அப்ப நீங்க இறங்குறதுக்குப் பத்திரம் ஏதாவது இருக்கா?"

அவர் என்னை வினோதமாகப் பார்த்தார். "பத்திரம் இன்னாத்துக்கு நைனா? வருசா வருசம் இந்த நாள்ல வர்றோம். எங்கப்பா வந்தாரு, அவங்கப்பா வந்தாரு. ஊர்ல யாரை வோணா கேளு. ஒரு வருசம் வராம இருந்தாத்தான் ஏன் வர்லைன்னு கேப்பாங்க."

அவர் போன பிறகு குளத்துப் படியிலேயே உட்கார்ந்து பேனாவை எடுத்தேன். சொந்தம் என்ற வார்த்தையை அடித்தேன். கண்மாயில் யார் யார் எந்தெந்த நாளில் என்ன செய்கிறார்கள் என்று எழுத ஆரம்பித்தேன். குயவர் தை மாதம் மண் எடுப்பது, வண்ணார் துறை, ஆட்டுக்காரர்கள் கிடை போடுவது, வற்றியதும் ஊரே மீன் பிடிப்பது. கை தானாக ஓடியது. கோடையில் தூர் வாருவது யார்? கிழக்குச் சேரியின் முப்பத்திரண்டு வீடு. மடை திறப்பது யார்? அந்தச் சேரியின் மாயாண்டி. அவருக்கு முன்னால் அவர் அப்பா. வெள்ளம் வந்தால் கரை உடையாமல் மண்மூட்டையோடு காவல் நிற்பது யார்? அவர்களே.

பேனா நின்றுவிட்டது. என் அறுபத்து நான்கு கையெழுத்தில் இவர்கள் ஒருவர்கூட இல்லை. நான் கேட்டு அவர்கள் மறுக்கவில்லை. கேட்க வேண்டும் என்றே எனக்குத் தோன்றவில்லை. ஜமீன் மானேஜர் எங்களை விட்டுவிட்டு எழுதினார். நான் அவர்களை விட்டுவிட்டு எழுதியிருக்கிறேன். குளத்தங்கரையில் அத்தனை கூட்டத்துக்கு நடுவே வெட்கம் பிடுங்கித் தின்றது.

ஐந்து மணிக்கு வக்கீல் புதிய தாள்களை இரண்டு தடவை படித்தார். "இது மனு. தூர் வார்றவாளும் மடை திறக்கிறவாளும் சாட்சி சொன்னா எந்தப் பத்திரமும் பதில் சொல்லித்தான் ஆகணும். ஆனா அவா கையெழுத்து எங்கே?" ஊருக்குப் போய் வாங்கி வருகிறேன் என்று சொல்லித் தாள்களைப் பைக்குள் வைத்தேன்.

இரவு எட்டு மணிக்கு எழும்பூருக்கு வழியனுப்ப வந்த சண்முகம், நடந்ததைக் கேட்டுவிட்டு ஒரு யோசனை சொன்னார். "முப்பத்திரண்டு கைநாட்டுத்தானே மச்சான்? நாமளே வச்சிட்டா நாளைக்கே கொடுத்திரலாம். நீங்க ஆலமரத்தையும் பாத்திட்டுப் போகலாம். யாரு வந்து பாக்கப் போறா?"

"அதுக்கு நம்ம ஜமீன் மானேஜரையே வரச் சொல்லியிருக்கலாமே மாப்பிள்ளை" என்றேன். அவர் சிரித்துவிட்டு, பையை ஜன்னல் வழியாக என் மடியில் வைத்தார்.

வண்டி மாம்பலத்தைத் தாண்டும்போது, ஏரி இருந்த இடத்தில் வரிசையாக மின்சார விளக்குகள் எரிந்தன. பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆலமரத்தை நான் பார்க்கவில்லை. கடலையும் பார்க்கவில்லை. பார்த்தது ஒரு குளம். எங்கள் கண்மாயில் ஏழில் ஒரு பங்குகூட அது இராது. ஆனால் எங்கள் கண்மாயின் படித்துறையில் மாயாண்டி வந்து இறங்கி நான் பார்த்ததில்லை. தண்ணீரைத் திறந்துவிடுகிறவர் அவர், படித்துறை எங்களுடையது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். சேரிக்கு வரும் கடிதங்களை நான் மடைக்கல்லின் மேல் வைத்துக் குரல் கொடுப்பேன். யாராவது வந்து எடுத்துக்கொண்டு போவார்கள். பட்டாளத்தில் இருந்த பிள்ளைகளின் கடிதங்களைக்கூட அப்படித்தான் கொடுத்தேன். எழும்பூரிலிருந்து மானாமதுரை முந்நூறு மைலுக்கு மேல். அங்கிருந்து எங்கள் ஊர் பஸ்ஸில் பதினோரு மைல். பஸ் நிற்கும் இடத்திலிருந்து மடைக்கல் அரை மைல். மடைக்கல்லிலிருந்து மாயாண்டியின் வாசல் இருநூறு அடி இருக்கும். உத்தேசமாகத்தான் சொல்கிறேன். இருபத்திரண்டு வருஷத் தபால் வேலையில் அந்த இருநூறு அடியை நான் நடந்ததில்லை.