அக்காவுக்கு அறுபது

மருத்துவமனைத் துணிக்கிடங்கில் கிழிந்த போர்வைகளுக்கு ஒட்டுப்போடுகிற தையல்காரம்மாவை வீட்டில் சின்னவள் என்றுதான் கூப்பிடுவார்கள். வெளியுலகத்தில் அவள் நடமாடியதெல்லாம் அக்காவின் பெயரில், அக்காவின் பிறந்த தேதியில். அந்த அக்காவை அவள் பார்த்ததே இல்லை. காய்ச்சலில் குழந்தை போய், மூன்று மாதம் கழித்துப் பிறந்தவள் இவள். இழவு விழுந்த வீட்டில் பிறப்பைப் பதிய யாருக்குத் தோன்றும்? பள்ளியில் சேர்க்கும்போது அப்பா மூத்தவளின் சான்றிதழையே நீட்டிவிட்டார். "ஒரு பேர் சும்மாதானே கிடக்குது" என்றாராம். வேடிக்கையாகச் சொன்னாரா, வயிறு எரிந்து சொன்னாரா என்று அம்மாவுக்கே தெரியாது.

வகுப்பில் எல்லோரையும்விடக் குட்டை இவள்தான். முட்டி மோதிப் படித்து, பாதியில் விட்டு, தையல் கற்று, வேலையில் சேர்ந்தாள். கல்யாணம் கூடி வரவில்லை. அப்பாவும் போனபின் அம்மாவும் இவளுமாக இரண்டு அறை வீட்டில் காலம் ஓடியது.

ஓய்வு நெருங்கியபோது, விஷயம் தெரிந்த அலுவலகக் குமாஸ்தா காதில் போட்டார்: "உங்க நிஜமான தேதி தெரிஞ்சா சொல்லுங்கம்மா. மனு போட்டுப் பார்க்கலாம். இன்னும் ஒன்றரை வருஷமாவது இருக்கலாமே."

வேலை நீடிப்பதைவிட, தனக்கென்று ஒரு தேதி என்ற நினைப்புதான் அவளைப் பிடித்துக்கொண்டது. அன்று சாயங்காலம் அம்மாவுக்கு நகம் வெட்டிவிட்டபடியே கேட்டாள்.

"அம்மா, நான் என்னைக்குப் பொறந்தேன்?"

"மழைக்காலம்."

"தேதி சொல்லும்மா."

அம்மா விட்டத்தைப் பார்த்தாள். "அவ ஒரு வருஷம், அஞ்சு மாசம், பன்னெண்டு நாள் இருந்தா. பன்னெண்டாவது நாள் மத்தியானத்தோட சரி."

"அவளைக் கேக்கலம்மா. என்னைக் கேக்கறேன்."

அம்மா கையை இழுத்துக்கொண்டாள். "உன்னைக் கொண்டாந்து பக்கத்துல போட்டாங்க. நான் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டேன். அன்னிக்கு என்ன தேதின்னு நான் யாரைக் கேட்டேன்? பெரியம்மாதான் உன்னைத் தூக்கிட்டுப் போய்ப் பாலூட்டினா."

பெரியம்மாவும் எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டாள். சின்னவள் அம்மாவின் கையைத் திரும்பப் பிடித்து, மிச்சமிருந்த நகங்களை வெட்டி முடித்தாள். பிறகு சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதாள்.

மனு எதுவும் போடவில்லை. கடைசி நாளன்று கிடங்கில் கேக் வெட்டினார்கள். "அறுபதுன்னு சத்தியம் பண்ணாலும் நம்ப மாட்டோம்" என்றாள் சலவைக்காரி. "எனக்கும் நம்பிக்கை வரல" என்று இவளும் சிரித்துவைத்தாள்.

ஒரு துண்டு கேக்கைக் காகிதத்தில் மடித்து வீட்டுக்குக் கொண்டுபோய், பார்வை மங்கிய அம்மாவின் கையில் வைத்தாள்.

"என்னடி விசேஷம்?"

"அறுபது முடிஞ்சிடுச்சும்மா."

"அறுபதா! அவளுக்கா?" அம்மாவின் முகம் மலர்ந்துபோனது. "தலையெல்லாம் நரைச்சிருக்குமே?"

"நரைச்சிடுச்சும்மா" என்று சொல்லி, சின்னவள் தரையில் உட்கார்ந்து தலையைச் சாய்த்துக் கொடுத்தாள். அம்மா தடவத் தொடங்கினாள். உச்சியிலிருந்து பின்கழுத்துவரை, மெதுவாக, திரும்பத் திரும்ப. இப்படி ஒரு தடவல் அவளுக்கு இதுவரை வாய்த்ததில்லை. கை ஓய்கிறவரை அவள் அசையவே இல்லை.