சக்கரத்தில் வைத்த குங்குமம்

அந்தப் பொம்மை ரயில் பெட்டியை நினைத்தால் முதலில் அதன் கனம்தான் நினைவுக்கு வருகிறது. உள்ளங்கையில் அடங்கும் பச்சைத் தகரப் பெட்டி. வயிற்றில் மோட்டார் இருந்ததால் படிக்கல் போலக் கனக்கும். மண்ணரையில் நான் வேலை பார்த்த பனியன் கம்பெனியின் பெரிய முதலாளிக்கு எந்தக் காலத்திலோ ஒரு வெளிநாட்டுக்காரர் கொடுத்தது. ஆயுத பூசையன்று தையல் மெஷின்களையெல்லாம் ஓட்டிப் பார்த்துவிட்டு, கடைசியாக மேசைமேல் வட்டத் தண்டவாளத்தில் இதையும் ஓட்டுவாராம். பூசை போட்ட எதுவும் ஓடாமல் நிற்கக் கூடாது என்பது அங்கே வழக்கம். அவர் காலமான பிறகு வந்த முதல் பூசைக்கு முந்தின நாள், அது அசையவில்லை.

நான் ஏழாம் வகுப்போடு நின்றவன். காங்கேயத்தில் எண்ணெய் ஆலை, பிறகு லாரி என்று சுற்றிவிட்டு அங்கே ஹெல்பராகச் சேர்ந்திருந்தேன். மெக்கானிக் அண்ணன் தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். யாரையும் கேட்காமல் பெட்டியைக் கழற்றிப் போட்டுவிட்டார். கம்பெனியை நடத்திவந்த முதலாளியின் மகளை நாங்கள் மேடம் என்போம். அவர் வந்து பார்த்ததும் முகம் மாறியது.

“ஏனுங்க, அப்பா யாரையுமே தொட உட்டதில்லீங்களே. நாளைக்குப் பூசைல இது ஓடலீன்னா, அப்புறம் நீங்க வர வேண்டாங்க.”

குரலை உயர்த்தவே இல்லை. அண்ணன் மனைவி அப்போது மாசமாக இருந்தார். ஆர்டர் இல்லாமல் எல்லாக் கம்பெனியிலும் ஆள் குறைத்துக்கொண்டிருந்தார்கள்.

பெட்டிக்குள் பனியன் பஞ்சு அச்சைச் சுற்றியிருந்தது. தையல் மெஷினுக்கு விடுவதுபோலத் தாராளமாக விட்ட எண்ணெயில் ஊறிக் களிம்பாகியிருந்தது.

“பாத்தியாலே, பெரியவரு ரயிலுக்கு எண்ணெய் தேச்சுக் குளிப்பாட்டிருக்காரு.”

சொல்லிச் சிரித்த அண்ணன் பாதியிலேயே நிறுத்திக்கொண்டார். ஊசியால் பஞ்சைக் கிள்ளி எடுத்தோம். கறை எடுக்கும் மருந்தால் மோட்டாரைத் துடைத்தோம். மயிரிழைபோல் இருந்த ஸ்பிரிங்கை அண்ணன் மூச்சை அடக்கிக்கொண்டு திரும்ப மாட்டினார். பொழுது சாய்வதற்குள் வண்டி ஓடியது.

மறுநாள் மேடம் ஒவ்வொரு மெஷினுக்கும் சந்தனம் குங்குமம் வைத்துக்கொண்டே வந்தார். காருக்கு வைப்பதுபோல ரயில் பெட்டியின் நான்கு சக்கரங்களுக்கும் வைத்தார். தீபாராதனை முடிந்து சுவிட்சைப் போட்டார். பெட்டி நின்ற இடத்திலேயே நின்றது.

மேடம் அப்பாவின் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். தண்டவாளத்திலிருந்து சக்கரம் வழியாகத்தான் மோட்டாருக்குக் கரண்ட் போகிறது. சந்தனம் அதை மறித்துவிட்டது. எனக்கே விளங்கியது, அண்ணனுக்கு விளங்காதா? ஆனால் பூசையில் வைத்த பொட்டை, வைத்தவர் கண்ணெதிரே யார் அழிப்பது?

அண்ணன் முன்னே போனார். பெட்டியைக் கையில் எடுத்து, ஒரு சக்கரத்துப் பொட்டை மோதிர விரலால் வழித்துத் தன் நெற்றியில் இட்டுக்கொண்டார். பிறகு அடுத்த சக்கரம். நான்காவது முடிந்தபோது நெற்றி முழுக்கச் சிவந்திருந்தது. சட்டை நுனியால் சக்கரங்களை ஒற்றிவிட்டுத் தண்டவாளத்தில் வைத்தார்.

வண்டி ஒருமுறை உதறிக்கொண்டு நகர்ந்தது.

அது ஒரு சுற்று முடிக்கும்வரை மேடம் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு பொரிப் பொட்டலத்தை அண்ணனிடம் நீட்டினார்.

“மூஞ்சியக் கழுவிட்டுப் போங்க, ஊட்டுல பயந்துக்குவாங்க. நாளைக்கு நேரமே வந்துருங்க.”

நான் இப்போது வேலம்பாளையத்தில் இருக்கிறேன். அடுத்து எங்கே என்று தெரியாது. அண்ணன் அங்கேயேதான் இருக்கிறார். போன பூசைக்குச் செல்போனில் ஒரு படம் அனுப்பியிருந்தார். பச்சைப் பெட்டியின் கூரை நடுவில் பெரிதாக ஒரு பொட்டு. சக்கரங்கள் துடைத்துச் சுத்தமாக இருந்தன.