நாலு ரகக் கோழியும் ஒரே ஒரு நிழலும்

1. பதினொன்று

"சார், பதினொன்னு போயிருச்சு. இன்னும் நாலஞ்சு வாயத் தொறந்துக்கிட்டு நிக்குது. கொஞ்சம் சீக்கிரம் வாங்க சார்."

கத்திரி வெயில் தொடங்கி ஆறாவது நாள். பகல் பன்னிரண்டு மணி. ஸ்ரீரங்கம் மேலூரில் என் வீட்டில் அப்போதுதான் இலை முன்னால் உட்கார்ந்திருந்தேன். போனில் பேசியவர் மெகருன்னிசா. பாலக்கரையில் வீடு, கணவர் குவைத்தில். வீட்டின் பின்முற்றத்தில் நாற்பத்திரண்டு கோழி வளர்த்துக்கொண்டிருந்தார். என்னென்ன ரகம் வாங்கலாம் என்று லிஸ்ட் எழுதிக் கொடுத்தவன் நான்.

முப்பத்திரண்டு வருடம் கால்நடை ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். மாடு, ஆடு, கோழி எல்லாவற்றுக்கும் ஊசி போட்டிருக்கிறேன். டிஸ்பென்சரியில் எனக்குக் கோபக்காரர் என்று பெயர். பெயர் சும்மா வரவில்லை.

சாப்பாட்டை அப்படியே மூடி வைத்துவிட்டு வண்டியை எடுத்தேன். காவிரிப் பாலத்தில் அனல் முகத்தில் அறைந்தது. எனக்கு வெயிலைவிடப் பெரிய பயம் வேறொன்று இருந்தது. அந்த முற்றம் மெகருன்னிசாவுடையது அல்ல. வீடு அவர் கணவரின் அண்ணன் கரீம் பாயுடையது. பெட்டி, பை விற்கும் கடை வைத்திருப்பவர். முற்றத்தில் தகரம் போட்டுச் சரக்கு அடுக்க நினைத்திருந்தார். இந்தம்மா கெஞ்சிக் கேட்டதால், "ஒரு கோடை தாண்டட்டும், கோழி நின்னுச்சுன்னா எடம் உனக்கு" என்று சொல்லியிருந்தார். கோடை பாதிகூடத் தாண்டவில்லை. அதற்குள் பதினொன்று.

2. என் லிஸ்ட்

ஓய்வு பெற்றதும் சும்மா இருக்க முடியாமல், வீட்டில் கோழி வளர்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு யோசனை சொல்ல ஆரம்பித்தேன். எல்லோரும் கேட்பது ஒரே கேள்வி: "நம்ம திருச்சி வெயிலுக்கு எந்தக் கோழி சார் நிக்கும்?" பதில் சொல்லிச் சொல்லி வாய் வலித்தது. ஒரு தாளில் எழுதி ஜெராக்ஸ் எடுத்து வைத்துக்கொண்டேன். பெருவிடை, சிறுவிடை, கருங்கோழி, மொட்டைக்கழுத்து. நாலும் வெயில் தாங்கும். புசுபுசுவென்று இறகு வைத்த சீமைக் கோழி, உடம்பு கனத்த கறிக்கோழி எதுவும் வேண்டாம். கீழே கொட்டை எழுத்தில், "நாலையும் கலந்து வளர்த்தால் ஒன்று போனாலும் மற்றது நிற்கும்" என்று எழுதியிருந்தேன். அந்தக் கடைசி வரியில் எனக்குப் பெருமை அதிகம்.

மெகருன்னிசா லிஸ்டை எழுத்து பிசகாமல் பின்பற்றினார். பெருவிடை எட்டு, மற்ற மூன்றும் சேர்த்து முப்பத்திநாலு. எல்லாம் ஒரே வாரத்தில் பொரித்த குஞ்சுகள். தடுப்பு மருந்து எல்லாம் தேதி தவறாமல் கொடுத்தார். பெருவிடைச் சேவலுக்குச் சுல்தான் என்று பெயர் வைத்துக் கையால் தீனி ஊட்டி வளர்த்தார். எதற்கு இந்த விவரத்தைச் சொல்கிறேன் என்றால், அவர் பக்கம் ஒரு குறையும் இல்லை.

3. முற்றம்

கரீம் பாய் வாசலிலேயே கைக்குட்டையால் மூக்கை மூடிக்கொண்டு நின்றார்.

"வாங்க சார். பாத்துட்டு ஒரு வார்த்தை சொல்லுங்க. சின்னப் புள்ளைங்க இருக்கற வீடு. நோயின்னா நான் வச்சுக்க முடியாது. கோழி வியாபாரிக்குச் சொல்லிட்டேன், நாலு மணிக்கு வண்டி வருது, மிச்சத்த ஏத்தி விட்டுருவேன்."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "நோய்னா அதை வித்து ஊர் முழுக்கப் பரப்பப் போறீங்களா பாய்? நோய்னா குழி தோண்டிப் புதைக்கணும். நோய் இல்லேன்னா எதுக்கு வண்டி?"

"அதைத்தான் சார் உங்களக் கேக்கறேன். நோயா, இல்லையா?"

நியாயமான கேள்விதான். ஆனால் எப்படிச் சொன்னாலும் மெகருன்னிசாவுக்குக் கோழி இல்லை. நோய் என்றால் குழி; இல்லையென்றால் கோழி வெயிலில் நிற்கவில்லை என்று வண்டி.

அரசு கால்நடை டாக்டருக்குப் போன் போட்டேன். அவர் மணப்பாறையில் கேம்ப். "செத்ததுல ரெண்டை ஐஸ்ல வைங்க. சாயங்காலம் பாத்துடறேன். நீங்களா அறுத்துப் பாக்காதீங்க" என்றார். அறுக்கக் கூடாது. கண்ணால்தான் பார்க்க வேண்டும்.

செத்த கோழிகளைச் சுவரோரமாக வரிசையாக வைத்திருந்தார்கள். வெள்ளைக்கழிச்சல் என்கிற தொற்றுநோயாக இருக்குமோ என்றுதான் எனக்கும் முதலில் தோன்றியது. ஆனால் கழுத்து முறுக்கல் இல்லை. பின்புறம் எச்சம் ஒட்டவில்லை. ஒன்றை எடுத்து இறக்கைக்கு அடியில் கை வைத்தேன். செத்து ஒரு மணி நேரமாகியும் அடுப்பில் வைத்த பாத்திரம் மாதிரிச் சுட்டது. கழுத்துக்கு அடியில் தீனிப்பையைத் தடவினேன். உள்ளே ஈரமே இல்லை. தவிடு காய்ந்த கட்டியாகக் கிடந்தது.

"தண்ணி வைக்கலையா?" என்று கத்தினேன்.

"வச்சேன் சார்! அல்லா மேல சத்தியமா வச்சேன். தோ பாருங்க, தட்டு நெறைய இருக்கு."

வாதாமரத்தடியில் அகலமான ஒரு பிளாஸ்டிக் தட்டு இருந்தது. நிறையத் தண்ணீர். அதைச் சுற்றி எட்டுப் பெருவிடையும் நின்றன, திடகாத்திரமாக. சுல்தான் என்னைப் பார்த்துக் கழுத்தை நீட்டியது.

பதினொன்றில் ஒன்றுகூடப் பெருவிடை இல்லை. சிறுவிடை ஆறு, கருங்கோழி நாலு, மொட்டைக்கழுத்து ஒன்று. எந்த நோயும் இப்படி ரகம் பிரித்து அள்ளாது.

4. ஒரு மணி வெயில்

ஒரு ஸ்டூல் கேட்டு வாங்கி முற்றத்தின் ஓரத்தில் உட்கார்ந்தேன். மணி ஒன்று. பாய் வாசல் நிலையில் சாய்ந்து நின்றார்.

நாலு பக்கமும் சுவர். ஆஸ்பெஸ்டாஸ் போட்ட கோழிக்கூண்டு கொதித்தது, அதற்குள் ஒன்றும் போகவில்லை. நிழல் என்று இருந்தது வாதாமரத்தடி மட்டும். எதிர்ச் சுவருக்கு மேலே பக்கத்து வீட்டு வேப்பமரம், அதில் கிளை வெட்டிய இடம் பச்சையாகத் தெரிந்தது.

"அது எப்ப வெட்டுனாங்க?"

"நேத்து சாயங்காலம் சார். கரண்டு கம்பில இடிக்குதுன்னு."

நேற்றுவரை இரண்டு நிழல். இன்று ஒன்று.

ஒரு கருங்கோழி வாயைப் பிளந்து, இறக்கையை அகட்டிக்கொண்டு, சுவரை விட்டு மெதுவாகத் தட்டை நோக்கி வந்தது. நாலு அடி தூரம் இருக்கும்போதே ஒரு பெருவிடைப் பெட்டை பாய்ந்து அதன் உச்சந்தலையில் கொத்தியது. கருங்கோழி திரும்பி ஓடி, சுட்டுக் கிடந்த சுவரோரமே போய் ஒண்டியது. அடுத்து ஒரு சிறுவிடை வந்தது. அதற்கும் அதே கதி. மூன்றாவது வரவே இல்லை. தண்ணீரை அங்கிருந்தே பார்த்துக்கொண்டு நின்றது.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. நாலு ரகமும் வெயில் தாங்கும் என்பது உண்மை. ஆனால் நிழலும் தண்ணீரும் கிடைத்தால்தானே தாங்கும்? வயசு அஞ்சு மாசம் ஆனதும் பெருவிடைக்குச் சண்டைக் குணம் வந்துவிட்டது, இடத்தைப் பிடித்துக்கொண்டது. ஒவ்வொரு ரகத்தையும் வெயிலோடு பொருத்திப் பார்த்தேனே தவிர, ஒன்றை இன்னொன்றோடு பொருத்திப் பார்க்கவில்லை. முப்பத்திரண்டு வருட சர்வீஸ்! மண்டையில் அடித்துக்கொள்ளலாம் போல் இருந்தது.

"இது இன்னைக்கு ஆரம்பிச்சதா?" என்றேன்.

மெகருன்னிசா தலை முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"ரெண்டு வாரமா இருக்கு சார். உங்களுக்குப் போன் பண்ணிச் சொன்னேனே. பெருவிடை மத்தத தண்ணிகிட்ட விட மாட்டேங்குதுன்னு."

"நான் என்ன சொன்னேன்?"

"கோழின்னா கொத்தத்தான் செய்யும், மடியில படுத்துக்கிட்டுக் கொஞ்சுமா, போன வையுங்கன்னீங்க."

சொன்னேன். நன்றாக நினைவிருக்கிறது. சொல்லிவிட்டு என் சாமர்த்தியத்துக்கு நானே சிரித்தும் கொண்டேன்.

5. வண்டி

நாலு மணிக்கு இரண்டரை மணி நேரம் இருந்தது. மெகருன்னிசாவும் நானும் கொடிக்கயிறு கட்டி இரண்டு பழைய சேலைகளைத் தொங்கவிட்டு முற்றத்தைக் குறுக்கே மறைத்தோம். ஒன்றையொன்று பார்க்கக் கூடாது, அதுதான் முக்கியம். எட்டையும் கூண்டுப் பக்கம் விரட்டி, அங்கே நனைத்த சாக்கைக் கட்டித் தனித் தட்டு வைத்தோம். வாதாமரத்தடியை மற்றவற்றுக்கு விட்டோம். அங்கே ஒரு தட்டுக்குப் பதில் மூன்று தட்டு, மூலைக்கு ஒன்று. வாய் பிளந்து நின்ற அஞ்சையும் ஒவ்வொன்றாகப் பிடித்து, காலைத் தண்ணீரில் நனைத்து, அலகில் சொட்டுச் சொட்டாக விட்டோம்.

"சார், இந்த வீட்டுல என்னோடதுன்னு சொல்லிக்க இது ஒண்ணுதான் சார் இருக்கு" என்றார். நான் அடுத்த கோழியைக் கையில் எடுத்தேன்.

மூன்றரைக்கு ஒரு கருங்கோழி என் கையிலேயே துவண்டு போனது. பன்னிரண்டு. மற்ற நாலும் எழுந்து தட்டுக்குப் போயின.

சொன்ன நேரத்துக்கு வண்டி வந்து ஹாரன் அடித்தது. கரீம் பாய் என்னைப் பார்த்தார். "சொல்லுங்க சார்."

என் சர்வீஸில் ஒரு கோழிக்காரர் முன்னால்கூட நான் சொல்லாத வார்த்தை. "நோய் இல்ல பாய். டாக்டரும் சாயங்காலம் பாத்துச் சொல்லுவார். இது என் தப்பு. சேரக்கூடாததை ஒண்ணாச் சேர்த்து எழுதிக் குடுத்தேன். இந்தம்மா ரெண்டு வாரம் முன்னாடியே கண்டுபிடிச்சுச் சொன்னாங்க, நான்தான் காதுல வாங்கல. கோழி வளர்க்க இவங்களுக்குத் தெரியும். எனக்குத்தான் தெரியல."

பாய் சேலைக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் எட்டிப் பார்த்தார். "அப்ப என்ன பண்ணணும்?"

நான் வாயைத் திறப்பதற்குள் மெகருன்னிசா சொன்னார்: "மச்சான், பெருவிடை எட்டையும் ஏத்திருங்க. மத்தது நிக்கும்."

"சுல்தானையுமா?"

"அதையும்தான்."

கரீம் பாய் டிரைவரிடம் திரும்பி, "எட்டு மட்டும் ஏத்துப்பா" என்றார். சுல்தானை அவரே தூக்கிப் போய்க் கொடுத்தார். மெகருன்னிசா உள்ளே போய்விட்டார். குழாய் ஓடும் சத்தம் நெடுநேரம் கேட்டது.

அன்று சாயங்காலம் டாக்டர் வெப்ப அதிர்ச்சிதான் என்று உறுதி செய்தார். மிஞ்சிய இருபத்திரண்டும் கத்திரி வெயிலைத் தாண்டின. முற்றம் மெகருன்னிசாவிடமே இருக்கிறது. வெட்டிய வேப்பங்கிளை இருந்த பக்கம் கீற்றுப் போட்டுக் கொடுத்தவர் கரீம் பாய்.

6. லிஸ்ட் வாங்கிய வீடுகள்

இந்த வேலைக்கு வரும் இளையவர்களே, இதோடு முடிந்திருந்தால் இதை நான் எழுதியே இருக்க மாட்டேன். மறுநாள் எனக்கு இன்னொன்று உறைத்தது. அந்த லிஸ்ட் பாலக்கரையில் மட்டுமா இருக்கிறது? வண்டியை எடுத்துக்கொண்டு வாங்கியவர்கள் வீடு வீடாகப் போனேன். முதலில் பொன்மலை ரயில்வே குவார்ட்டர்ஸ். ஒர்க்ஷாப்பில் வேலை பார்ப்பவர் வீடு. முற்றத்தில் கூண்டு இருந்தது, கோழி இல்லை. அவர் மனைவி காபி கொடுத்துவிட்டுத் தயங்கித் தயங்கிச் சொன்னார்:

"பெருவிடை மத்தத நிழலுக்கு விடல, போன வருஷமே பாதி போயிருச்சு சார். மிச்சத்த வித்துட்டோம்."

"ஏம்மா எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல?"

"நீங்க திட்டுவீங்கன்னு."

தொட்டியத்தில் ஒரு வாழைக்காரர் வீட்டிலும் அதே கதை, அதே பதில். அவர் சிரித்துக்கொண்டே சொன்னார், அவ்வளவுதான் வித்தியாசம்.

போன வருஷம் இவர்களில் ஒருவர் வாய் திறந்திருந்தால் பாலக்கரையில் பன்னிரண்டு கோழி செத்திருக்காது. அந்த வாயை அடைத்தவன் நான்.

இப்போது ரகம் கேட்டு யார் வந்தாலும் முதலில் நிழல் எத்தனை, தட்டு எத்தனை என்று கேட்கிறேன். பெருவிடை வேண்டுமென்றால் பெருவிடை மட்டும். பழைய லிஸ்டில் மிச்சமிருந்த தாள்களை வீசவில்லை, அந்தக் கடைசி வரியை அடித்துவிட்டு, பின்பக்கத்தில் என் நம்பரை எழுதிக் கொடுக்கிறேன். அதன் கீழே ஒரு வரி: "கோழி கொத்தினாலும் போன் செய்யலாம். திட்ட மாட்டேன்."